மூன்று முறை ஆலோ

புந்தா அரேனாஸில் காற்று
நான்கு நாளாக இறங்கவில்லை.
தெருமுனைக் கயிற்றைப் பிடித்துப் பிடித்துத்தான்
வீடு வந்து சேர்ந்தாள் யாஸ்னா மன்சில்லா,
படகுத்துறையின் இரவுச் சட்டையில் டீசல் மணக்க.
சமையல் மேசை. மடிக்கணினி. ஆறிப்போன தேநீர்.
திரையில், சாந்தியாகோவின் வெயிலில்,
நேர்காணல் எடுக்கும் ஃபாபியோலா.

"ஓலா" என்றாள் அவள்.
அந்த மொழியில் வணக்கமும் அலையும் ஒரே ஒலி.
எழுதும்போது மட்டும்
வணக்கத்தின் முன்னால் ஓர் ஊமை எழுத்து
வந்து நின்றுகொள்ளும்.

கணக்கு இது:
நீளமான எழுத்துச் சரம்.
அதில் ஓர் ஓ, பிறகு எங்கோ ஒரு ல்,
அதற்கும் பிறகு எங்கோ ஓர் ஆ.
ஒட்டி நிற்க வேண்டாம், வரிசை பிசகக் கூடாது.
எத்தனை விதமாய் ஓர் அலையைப் பொறுக்கி எடுக்கலாம்?

நமக்கென்றால் ல்-லும் ஆ-வும் கலந்து ஒரே எழுத்து.
அங்கே மெய் தனியாக நிற்கிறது,
உயிர் வரும்வரை.

முதலில் அவள் எழுதியது மூன்று சுழற்சிகள்,
ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று.
ஒவ்வொரு ஓ-வையும் கைபிடித்து
ஒவ்வொரு ல்-லின் வாசலுக்கும் கூட்டிப்போகும் வேலை.
"சரிதான். சரத்தில் லட்சம் எழுத்து இருந்தால்?"
ஃபாபியோலா கேட்டது அன்பாகத்தான்.
அன்பாகக் கேட்டால்தான் அதிகம் வியர்க்கிறது.

அப்போது துறை ஞாபகம் வந்தது.
போர்வெனிர் போகிற படகு
(அந்த ஊர்ப் பெயருக்கு 'வரப்போவது' என்று பொருள்),
காற்று மிஞ்சினால் விடமாட்டார்கள்.
ஆட்டு லாரி, நண்டுப்பெட்டி வண்டி, யாரோ ஒருவரின் பியானோ.
கம்பிவேலியோரம் நின்று வானொலியில் அவள் சொல்வது
யார் யார் என்றல்ல,
எத்தனை என்று.

மூன்று எண்கள் போதும்.
ஓ வந்தால் முதல் எண்ணில் ஒன்று கூட்டு.
ல் வந்தால், காத்திருக்கும் ஓ அத்தனையும் அதனோடு ஜோடி:
இரண்டாம் எண்ணில் முதல் எண்ணைக் கூட்டு.
ஆ வந்தால் ஜோடிகள் எல்லாம் கரையேறும்.
திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒரே நடை.

எட்டு வரி. முடித்ததும் ஒரு சின்னக் கூச்சம்.
போன ஜூலையில், பனி மூடிய இரவில்,
'ஒன்று' என்று அவள் சொன்ன வண்டிக்குள்
இடுப்பு வலியோடு ஒருத்தி இருந்தாள்.
அந்த எண்ணுக்குள் அவள் எங்கே இருந்தாள்?

கம்பத்தில் காற்று எதையோ அறுத்தது.
ஃபாபியோலாவின் முகம் பாதி வாயோடு உறைந்தது.
"ஆலோ?"
இரைச்சல்.
"ஆலோ? ஆலோ?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது:
ஆ, ல், ஓ. அதே மூன்றுபேர், தலைகீழாக.
கை சும்மா இருக்குமா, தட்டிப் பார்த்தாள்.
ஓர் ஆலோ: பூஜ்யம்.
இரண்டு ஆலோ: பூஜ்யம்தான்.
ஓ இருக்கிறது, ல் இருக்கிறது,
அதற்குப் பின்னால் ஓர் ஆ இல்லை.
மூன்று ஆலோ: ஒன்று.
முதல் கூப்பாட்டின் வால், இரண்டாவதின் இடுப்பு,
மூன்றாவதின் வாய்.
நான்காவதும் கூப்பிட்டிருந்தால், நாலு.

படம் அசைந்தது.
"மன்னிக்கணும், எங்கே விட்டோம்?"
"மூன்றாவது ஆலோவில்" என்றாள் யாஸ்னா.
"உங்கள் பெயரிலும் ஒன்று இருக்கிறது."
ஃபாபியோலா விரல் மடக்கி எண்ணினாள்,
சிரிக்கலாமா என்று யோசித்தாள், பிறகு சிரித்தாள்.
செவ்வாய்க்கிழமை சொல்கிறோம் என்றாள்.

இரவு, வேலியோரம்.
காற்று கொஞ்சம் மனமிறங்கியிருந்தது.
ஒரே ஆலோவில் எடுத்தார்கள்.
"விடலாமாம். எத்தனை?"
"பதினொன்று" என்றாள்.
வானொலியை இடுப்பில் செருகிக்கொண்டு
முதல் வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள்,
உள்ளே யார் என்று பார்க்க.